நெடுவழி நடப்போரும் நேயக்கொடையும்

அதிதி என்னும் சொல்

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட பன்னிரண்டு விரதங்களுள் இறுதியில் வைத்து எண்ணப்படுவது அதிதி சம்விபாகம் என்பதாகும். திதி என்பது நாள். இன்ன நாளில் வருவேன் என்று குறியாது வருபவர் அதிதி எனப்படுவார். சம்விபாகம் என்பது முறையறிந்து பகுத்தளித்தல். தமக்கென அமைந்த உணவில் ஒரு பகுதியை, நாள் குறியாது வந்து நிற்பவர்க்கு முகமலர்ந்து அளிப்பதே இவ்விரதத்தின் பொருள். ஊர்தி ஏறாது காலால் நடந்தே நாடெங்கும் அறம் உணர்த்தும் துறவியர்க்கு உணவளித்தலே இதன் முதற்பொருள் என்பதை நாம் நன்கு அறிவோம்.

இவ்விரதம் ஏன் அதிதியை முன்னிறுத்துகிறது என்பது ஆராயத்தக்கது. உறவினர்க்குக் கொடுப்பதில் பாசம் கலந்திருக்கிறது. அண்டை வீட்டார்க்குக் கொடுப்பதில், நாளை நமக்கும் ஒரு தேவை வரும் என்னும் கணக்கு கலந்திருக்கக்கூடும். ஆனால், இன்று வந்து நாளை மறைபவன், பெயரும் ஊரும் அறியப்படாதவன், மீண்டும் நம் கண்ணில் படமாட்டான் என்று உறுதியாகத் தெரிந்தவன் ஒருவனுக்குக் கொடுக்கும்போதுதான் கொடுப்பவர் உள்ளம் உள்ளபடி வெளிப்படுகிறது. ஆகவே வழிப்போக்கன் கொடைக்கு உரைகல் ஆகின்றான்.

இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்க்கத்தக்க நிகழ்கால எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்க நாட்டின் மலைப்பாதையில் உள்ளது. நம் சமயத்தை அறியாத மக்கள், நம் ஆசாரியர்கள் வகுத்த நெறிக்கு அணுக்கமான ஒரு வழக்கத்தைத் தாமாகவே வளர்த்துள்ளனர். அதில் தோன்றிய குறைகளையும் தாமே கண்டு திருத்த முயன்றுள்ளனர். அதனை நம் அறநூல் அளவைகளைக் கொண்டு கற்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பலாச்சியப் பெருவழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். அதன் முகடுகளையும் பள்ளத்தாக்குகளையும் தொடர்ந்து, ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாதின் மலை வரை, 14 மாநிலங்களைக் கடந்து ஒரு நடைபாதை செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். குமரிமுனையில் நடக்கத் தொடங்குபவர் இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டுவிடக்கூடிய தொலைவு அது.

இப்பாதையை அமைக்கும் எண்ணத்தை 1921ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பெண்டன் மக்காய் என்பவர். தன்னார்வலர் பலருடைய உழைப்பால் 1937இல் பாதை முழுமையும் இணைக்கப்பட்டது. 1948இல் ஏர்ல் ஷேஃபர் என்பவர் இதனை ஒரே பயணத்தில் முழுதும் நடந்து முடித்தார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவர், போர் தம் மனத்தில் பதித்த துயரை நடந்தே தீர்த்துக்கொள்ள விரும்பிப் புறப்பட்டவர். 1968இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றினால் இது தேசிய இயற்கைக் காட்சிப் பாதையாக அறிவிக்கப்பட்டது. இன்றும் பாதையைச் செப்பனிட்டுக் காப்பவர்கள் ஏறத்தாழ 30 நடைக்கழகங்களைச் சேர்ந்த தன்னார்வலர்களே.

முழுப்பாதையையும் ஒரே மூச்சாக நடப்பவர்க்கு ஐந்து முதல் ஏழு திங்கள் ஆகின்றன. தொடங்குவோருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரே முடிக்கின்றனர். முதுகுச் சுமையில் சில நாள்களுக்குரிய உணவைத்தான் எடுத்துச் செல்ல முடியும். அது தீர்ந்ததும், பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கி, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூருக்குச் சென்று மீண்டும் வாங்கி வருதல் வேண்டும். நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேற்பட்ட ஆற்றலைச் செலவிடும் உடல் எப்போதும் பசித்தே இருக்கிறது. மழை, குளிர், காற்புண், உண்ணியால் வரும் நோய், தனிமை ஆகியவையும் உடன் வருகின்றன.

இந்நிலையில், களைத்து வரும் ஒருவர் சாலையோரத்தில் ஒரு முதியவர் மேசையிட்டுப் பழங்களுடன் காத்திருப்பதைக் காண்கிறார். மற்றொருவரை ஓர் ஓட்டுநர் தாமாகவே வண்டியை நிறுத்தி ஊருக்கு அழைத்துச் செல்கிறார். எதிர்பாராத இவ்வுதவியை அப்பாதையில் நடப்போர் 'டிரெயில் மேஜிக்' என்பர். வழியில் விளைந்த விந்தை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உதவுபவரை 'டிரெயில் ஏஞ்சல்' என்பர். அவர் வழித்தேவதை ஆவார்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்பாதையில் நடப்போர் பெரும்பாலும் தம் இயற்பெயரை விடுத்து, உடன் நடப்போர் இட்ட புனைபெயரால் வழங்கப்படுகின்றனர். மருத்துவரும் மாணவரும், செல்வரும் வேலையிழந்தவரும் ஒரே வகையான அழுக்குடையுடன் ஒரே பாதையில் வருகின்றனர். ஆகவே கொடுப்பவர்க்குப் பெறுபவருடைய குலமோ, பொருளோ, பதவியோ தெரிவதில்லை. தெரிவன பசியும் களைப்புமே.

67 வயதில் நடந்த அம்மையார்

இப்பாதையின் வரலாற்றில் எம்மா கேட்வுட் என்னும் அம்மையார்க்குத் தனி இடம் உண்டு. ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த இவர் 11 மக்களைப் பெற்று வளர்த்தவர். கணவனின் கொடுமையைப் பல ஆண்டுகள் தாங்கிப் பின்னர் மணவிலக்குப் பெற்றவர். 1955ஆம் ஆண்டில், தம் 67ஆம் வயதில், பிள்ளைகளிடம் நடக்கப் போவதாக மட்டும் கூறிவிட்டுத் தனியே புறப்பட்டார். அக்காலத்தில் பாதையின் தென்முனை ஜார்ஜியாவின் ஓகில்தார்ப் மலையில் இருந்தது. அங்கே மே மாதத்தில் தொடங்கிய நடை, செப்டம்பர் 25ஆம் நாள் கட்டாதின் உச்சியில் நிறைவுற்றது. தனியே நடந்து இப்பாதையை ஒரே பயணத்தில் முடித்த முதல் பெண்மணி இவரே.

இவரிடம் கூடாரம் இல்லை, படுக்கையுறையும் இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்று, மழைக்குப் போர்த்துக்கொள்ள ஒரு குளியலறைத் திரைச்சீலை, காலில் துணிக்காலணி ஆகியவற்றோடு நடந்தார். ஆகவே வழியிலுள்ள வீடுகளின் கதவைத் தட்டுவது அவருக்கு இன்றியமையாததாயிற்று. சிலர் கதவைச் சாத்தினர். வேறு பலர் உணவளித்துப் படுக்கை கொடுத்தனர். இடம் கிடைக்காத இரவுகளில் அவர் சருகுகளைக் குவித்து அவற்றின்மேல் உறங்கினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அடுத்தடுத்து வீசிய இரு புயல்களால் வடகிழக்கு மாநிலங்களின் ஆறுகள் பெருக்கெடுத்தன. வெர்மான்ட் மாநிலத்தில் கரைபுரண்ட ஓர் ஆற்றின் முன் அம்மையார் நிற்க நேர்ந்தது. அவ்வழியே நடந்து வந்த இளைஞர் இருவர் அவரைத் தம்மிருவர்க்கும் நடுவே கயிற்றால் பிணைத்து, நீரைக் கடந்து அக்கரை சேர்த்தனர். அவர் இன்னார் என்னும் ஆராய்ச்சி அவ்வுதவிக்கு வேண்டியிருக்கவில்லை. நீரும் முதுமையும் கண்முன் நின்றன. உதவி உடனே நிகழ்ந்தது. அம்மையார் 1957இல் இரண்டாம் முறையும், பின்னர்ப் பகுதி பகுதியாக மூன்றாம் முறையும் இப்பாதையை நடந்தார்.

நால்வகை உதவி

ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதிதிக்கு ஆற்றும் தொண்டினை வையாவிருத்தம் என்று குறிக்கிறார். நடந்து வந்த கால்களைப் பிடித்துவிடுதல், இடரைப் போக்குதல் ஆகியவையும் அதில் அடங்கும். கொடுக்கத்தக்கவற்றை உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என நான்காக அவர் பகுக்கிறார். துறவியரைக் கருதி வகுத்த இப்பகுப்பு, நடந்து செல்லும் எவருக்கும் பொருந்துவதை அப்பலாச்சியப் பாதையில் காணலாம்.

முதலாவது உணவு. பழம், ரொட்டி, குளிர்நீர், சூடான சாறு எனச் சிறியனவே பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. பல நாள் உலர்ந்த உணவையே தின்று வந்தவர்க்கு ஓர் ஆரஞ்சுப் பழம் எத்தகைய பொருள் என்பதைப் பெறுபவரே அறிவர்.

இரண்டாவது மருந்து. காற்புண்ணுக்குக் கட்டுப்போடுதல், நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், குணமாகும்வரை ஓரிரு நாள் வீட்டில் தங்க இடமளித்தல் ஆகியன இவ்வகையின.

மூன்றாவது உபகரணம். முனிவர்க்கு மயிற்பீலியும் கமண்டலமும் நூலும் போல, நடப்பவர்க்கு வழியறிவே தலையாய கருவி. மரங்களில் தீட்டப்பட்ட வெண்ணிறப் பட்டைகள் அங்கே வழிகாட்டுகின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தன்னார்வலர் ஊதியமின்றித் தீட்டியிருக்கிறார். தங்குமிடங்களில் ஒரு குறிப்பேடு வைக்கப்படுவது வழக்கம். முன்னே சென்றவர், எந்த ஊற்று வற்றிவிட்டது, எங்கே கரடி வந்தது என்று பின்னே வருபவர்க்காக அதில் எழுதிச் செல்கிறார். 1990இல் பில் இர்வின் என்பவர், கண்பார்வை முற்றும் இழந்த நிலையில், வழிகாட்டி நாய் ஒன்றன் துணையோடு இப்பாதையை நடந்து முடித்தார். வரைபடத்தையும் வெண்பட்டையையும் காண இயலாத ஒருவர்க்கு வழிகூறும் ஒரு சொல் எத்துணை மதிப்புடைய கொடை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

நான்காவது உறையுள். பாதை நெடுகிலும் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் உடைய எளிய தங்குமிடங்கள் 250க்கு மேல் உள்ளன. முதலில் வருபவர்க்கு முதல் இடம் என்பதே பெரும்பாலும் அங்கே முறை. சில ஊர்களில் தேவாலயத்தார் தங்கும் விடுதி நடத்துகின்றனர். வர்ஜீனியா மாநிலத்து டமாஸ்கஸ் என்னும் சிற்றூரில் அத்தகைய விடுதி ஒன்று பல்லாண்டுகளாக அறியப்பட்டதாகும்.

கொடையை அளக்கும் நான்கு அளவைகள்

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் கொடுத்தல் என்பதனாலேயே ஒரு செயல் நிறைவுடையதாகிவிடுமா? தத்துவார்த்த சூத்திரம் தந்த உமாசுவாமி ஆசாரியர், கொடை என்பது தனக்கும் பிறர்க்கும் நலம் விளையும் பொருட்டுத் தன் பொருளை விட்டுக்கொடுத்தல் என்று வரையறுக்கிறார். விதி, திரவியம், தாதா, பாத்திரம் ஆகிய நான்கின் சிறப்பால் கொடையின் பயன் வேறுபடும் என்றும் காட்டுகிறார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்பன அந்நான்குமாம். இவற்றைக் கொண்டு அப்பாதையின் வழக்கத்தை அளந்து பார்ப்போம்.

1. விதி: வழித்தேவதையர் பெருகியபோது ஒரு தவறான முறையும் பெருகிற்று. உணவையும் பானங்களையும் ஒரு பெட்டியில் இட்டுக் காட்டினூடே வைத்துவிட்டுப் போய்விடுவதே அது. கொடுப்பவர்க்கு இது எளிது. ஆனால் இரவில் அப்பெட்டியைத் திறப்பவை கரடிகள். மனித உணவின் சுவையறிந்த கருங்கரடி அச்சம் நீங்கித் தங்குமிடங்களைத் தேடி வருகிறது. மக்கள் அஞ்சுகின்றனர். முடிவில் அக்கரடி பிடித்து அகற்றப்படுகிறது, அல்லது கொல்லப்படுகிறது. ஜார்ஜியாவின் பிளட் மலைப் பகுதியில், நடப்போர் மிகும் மார்ச் முதல் நாள் தொடங்கி ஜூன் முதல் நாள் வரை, இரவு தங்குவோர் கரடி திறக்க இயலாத கலத்தில்தான் உணவு வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதி ஏற்படும் அளவிற்கு இத்துன்பம் வளர்ந்தது. ஒருவர் பசி தீர்க்க வைத்த உணவு, ஐயறிவுடைய ஓர் உயிரின் இறுதிக்குக் காரணமாதல் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடுப்பவர் கருதியது நன்மையே. ஆயினும் கவனமின்மையால் விளையும் உயிர்க்கேட்டை நம் நூல்கள் ஒருபோதும் சிறிதெனக் கொள்வதில்லை.

ஆகவே, பாதையின் நலன் பேணும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி என்னும் அமைப்பு, உதவ விரும்புவோர்க்குச் சில நெறிகளை வகுத்துள்ளது. உணவு வழங்கும்போது வழங்குபவர் உடனிருத்தல் வேண்டும். காட்டின் நடுவே அன்றிச் சாலையோரம் போன்ற, முன்னரே பயன்பாட்டிலுள்ள இடங்களில் வழங்குதல் வேண்டும். உணவைத் தூய்மையாகச் சமைத்தல் வேண்டும். முடிந்ததும் இடத்தைப் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும். கூட்டம் சேர்க்கும் விளம்பரம் பாதையில் கூடாது. இந்நெறிகளைப் படிக்கும் சிராவகர், ஆகாரதானத்தின்போது இடமும் காலமும் கையும் கலமும் தூய்மை பெறுதல் வேண்டும் என்னும் நம் முறையை நினைவுகூர்வர்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை பசிபிக் கிரெஸ்ட் பாதை என்னும் மற்றொரு நெடும்பாதை உள்ளது. அதன் தென்பகுதி நீரற்ற வறண்ட நிலம். அன்பர் சிலர் அங்கே குடிநீர்க் கலங்களை வைத்துச் செல்வதுண்டு. அந்நீரை நம்பி நடக்க வேண்டா என்று பாதையைப் பேணும் அமைப்பினர் எச்சரிக்கின்றனர். கலம் வெறுமையாயிருப்பின், அதனை நம்பித் தம் நீரைக் குறைத்து எடுத்து வந்தவர் உயிருக்கே இடர் நேரும். இருக்கும் என்று எண்ணச் செய்து இல்லாமற்போகும் உதவி, உதவியின்மையினும் கொடியதாகும்.

2. திரவியம்: கொடுக்கும் பொருள் பெறுபவருடைய நோன்பிற்கும் உடலுக்கும் தீங்கு செய்யாததாயிருத்தல் வேண்டும். அப்பாதையோரத்தில் வழங்கப்படுவனவற்றுள் புலாலும் மதுவும் உண்டு. நாம் அவற்றைக் கொடையாகக் கொள்வதற்கில்லை. அங்கேயே கூட, மதுவைத் தவிர்க்குமாறு மேற்கூறிய அமைப்பு அறிவுரை கூறுவது குறிப்பிடத்தக்கது. பழமும் நீரும் நிழலும் சொல்லும் எவருடைய நோன்பையும் கெடுக்காத பொருள்கள். அவை எளியவையாதலின் வறியவரும் கொடுக்க வல்லவை.

3. தாதா: சிரத்தை, பக்தி, மகிழ்ச்சி, அறிவு, அவாவின்மை, பொறுமை, ஆற்றல் என்னும் ஏழு குணங்கள் கொடுப்பவர்க்கு உரியனவாகக் கூறப்படும். இங்கே அவாவின்மை என்பது பொருளாசை இன்மை மட்டும் அன்று. புகழாசை இன்மையும் ஆகும். உண்டவரை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துப் பரப்புவதும், நன்றியுரையை எதிர்பார்த்து நிற்பதும் கொடையின் விலையாகப் புகழைக் கேட்பதே. வழிப்போக்கன் எதனையும் திருப்பித் தர இயலாதவன் என்பதால் கொடை தானே தூய்மையாகிவிடாது. அவனிடமிருந்து நன்றியையும் வியப்பையும் நாம் கவர்ந்துகொள்ளக் கூடும்.

4. பாத்திரம்: இங்கே ஐயம் ஒன்று எழும். மகாவிரதியான முனிவர் பாத்திரங்களுள் உத்தமர். அவர்க்குப் பக்தியோடு அளிப்பது பாத்திரதானம். ஆனால் பொழுதுபோக்கிற்காக மலையில் நடக்கும் ஒருவர், பையில் பணமும் வைத்திருப்பவர், கொடை பெறத் தக்கவரா? அப்பொருளை ஊரிலுள்ள வறியவர்க்குக் கொடுத்தலன்றோ சிறப்பு?

இவ்வையம் நேர்மையானது. இதற்கு விடையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். நடைப்பயணியை முனிவரோடு ஒப்பிடுதல் பொருந்தாது. முனிவர் நடப்பது உயிர்களுக்கு ஊறு விளையாதிருக்கவும் பற்று ஓரிடத்தில் வேர்விடாதிருக்கவும் ஆகும். பயணி நடப்பது தம் விருப்பத்தால். எனினும் பக்தியோடு கொடுப்பதற்கு வேறாகக் கருணையோடு கொடுப்பது என்னும் வகை ஒன்றை நம் நூல்கள் ஏற்கின்றன. கருணாதானத்தில் பெறுபவருடைய விரதமோ தகுதியோ ஆராயப்படுவதில்லை. துன்பம் மட்டுமே காணப்படுகிறது. கையில் பணமுள்ளவனும் கடையற்ற மலையில் பசித்தவனே. ஆற்று வெள்ளத்தின் முன் நிற்பவரிடம் நீர் ஏன் நடக்க வந்தீர் என்று வினவுதல் கருணைக்கு அழகன்று. அதே வேளையில், மலையில் நடப்பவனுக்குப் பழம் கொடுத்தேன் என்பது ஊரிலுள்ள வறியவரை மறப்பதற்குக் காரணம் ஆகாது. இரண்டும் வெவ்வேறு கடன்கள். ஒன்றைச் செய்து மற்றொன்றைக் கழித்துவிட முடியாது.

முழுப்பாதையும் நடப்பவர்க்கு மட்டும் கொடுத்து, ஒருநாள் உலாவ வந்தவரைப் புறக்கணிக்கும் வழக்கமும் சில இடங்களில் தோன்றிற்று. வருவோர் அனைவரையும் ஒப்ப உபசரித்தல் வேண்டும் என்று மேற்கூறிய நெறிகள் வலியுறுத்துகின்றன. களைப்பிற்குத் தகுதிச் சான்று கேட்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

பெறுவோர் அறம்

கொடையின் தூய்மையில் பெறுபவர்க்கும் பங்கு உண்டு. வண்டு மலரை வருத்தாது சிறிது தேன் கொண்டு செல்வது போல, இல்லறத்தார்க்குச் சுமையாகாது உணவு கொள்ளுதலே முனிவர் நெறி. தமக்கெனவே சமைக்கப்பட்டதை அவர் ஏலார். விரும்பிய பொருளைக் குறிப்பாலும் கேளார்.

அப்பலாச்சியப் பாதையில் இதற்கு மாறான ஒரு தந்திரமும் உண்டு. உல்லாசப் பயணம் வந்து உண்போரின் அருகே சென்று அமர்ந்து, வாய்விட்டுக் கேளாமலே, பசித்த பார்வையாலும் பேச்சாலும் அவர்களைக் கொடுக்க வைப்பதே அது. இதற்கு, பிறர் உணவுக்கூடையைக் கவரும் கேலிப்படக் கரடி ஒன்றன் பெயரால் 'யோகி செய்தல்' என்றே அங்கே பெயர். யோகி என்னும் சொல்லின் பொருளறிந்த நமக்கு இது நகைப்பைத் தரும். எனினும் அதிலுள்ள எச்சரிக்கை மெய்யானது. எதிர்பாராது கிடைத்த உதவி எதிர்பார்ப்பாக மாறும்போது பெறுபவர் நெஞ்சில் நன்றி குறைகிறது. இன்று மேசை இல்லையே என்னும் சினம் வளர்கிறது. விந்தை உரிமையாக மாறினால் அது விந்தையும் அன்று; கொடையும் அன்று.

மறுபுறம், பெற்றவர் அக்கடனை மற்றொருவர்க்குத் தீர்ப்பதும் அங்கே காணப்படுகிறது. நடந்து முடித்த பலர், அடுத்த ஆண்டுகளில் வழித்தேவதையராகவும், பாதை செப்பனிடும் தன்னார்வலராகவும் திரும்பி வருகின்றனர். டமாஸ்கஸ் ஊரில் 1987ஆம் ஆண்டு முதல் நடைப்பயணிகளுக்கென ஆண்டுவிழா ஒன்று நடைபெற்று வருகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் என்னும் புயல் தென்பகுதி மலைகளைத் தாக்கியபோது, டமாஸ்கஸும் வடகரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்சும் வெள்ளத்தால் பெரிதும் சேதமுற்றன. பல்லாண்டுகளாகப் பயணிகளை ஏற்று உபசரித்த ஊர்கள் தாமே உதவி வேண்டி நின்றன. சேறு அகற்றவும் வீழ்ந்த மரங்களை வெட்டி வழி திறக்கவும் வந்த தன்னார்வலருள் அவ்வூர்களில் முன்னொரு நாள் உண்டு உறங்கிச் சென்ற பயணிகளும் இருந்தனர்.

நம் மரபில் காணும் ஒளி

வழிநடப்போரைப் பேணும் அறம் நமக்குப் புதிதன்று. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் நம் முனிவர்கள் தங்கிய குகைகளில், பாறையில் குடைந்த கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் அவற்றைச் செய்வித்தவர்களைக் குறிக்கின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர் ஆகியோர் காணப்படுகின்றனர். உப்பும் துணியும் இரும்பும் விற்று வழிநடந்தவர்கள், தம்மினும் நெடிது நடந்தவர்க்குப் படுக்கை அமைத்துக் கொடுத்தனர். நடப்பவன் துன்பத்தை நடந்தவன் அறிவான் போலும்!

சிலப்பதிகாரத்தில், புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கோவலன் கண்ணகியர்க்குக் கவுந்தியடிகள் வழித்துணையாகிறார். மதுரைப் புறஞ்சேரியில் அவர்களைத் தன் இல்லத்தில் ஏற்றவள் மாதரி என்னும் ஆயர் முதுமகள். அவள் வழிபாடு வேறு. வந்தவர் வழிபாடு வேறு. எனினும் வந்தவர்கள் சாவக நோன்பியர் என்பதறிந்து, அவர்கள் தம் நோன்பு கெடாது சமைத்துண்ணுமாறு நற்கலங்களையும் காய்கறி முதலியவற்றையும் அளிக்கச் செய்கிறாள். தனக்கு விருப்பமானதைக் கொடாது, பெறுபவர் நோன்பிற்கு ஏற்றதைக் கொடுத்த இச்செயலே மேலே கூறிய விதிக்கும் திரவியத்திற்கும் நம் இலக்கியம் காட்டும் சான்று.

அபயமே நிறைவு

உணவு முதலிய கொடைகளுக்கெல்லாம் முடியாக வைத்துப் போற்றப்படுவது அபயதானம். இக்கட்டுரையில் கண்ட எடுத்துக்காட்டுகள் யாவும் இறுதியில் அங்கேயே வந்து சேர்கின்றன. காட்டில் தனியே நடக்கும் ஒரு பெண்ணுக்கு, அறியாத ஆடவர் ஒருவர் தம் வண்டியில் இடம் தருவது உதவியாகவும் இருக்கலாம்; அச்சமாகவும் இருக்கலாம். உதவும் எண்ணம் நம் உள்ளத்தில் இருப்பதைப் பிறர் அறியார். ஆகவே வற்புறுத்தாதிருத்தல், திறந்த வெளியில் பலர் காண வழங்குதல், வேண்டா என்று கூறுபவரை முகம் சுளிக்காது போகவிடுதல் ஆகியனவும் கொடையின் உறுப்புகளே. உணவோடு அச்சத்தையும் சேர்த்துக் கொடுப்பவர் பாதியே கொடுத்தவர் ஆவார்.

பெறுபவர்க்கு அச்சமின்மை, அவர் நடக்கும் மண்ணுக்கு மாசின்மை, அம்மண்ணில் வாழும் உயிர்க்கு ஊறின்மை. இம்மூன்றும் கூடியபோதே, முன்பின் அறியாதவர்க்கு அளித்த ஒரு பழமும் நிறைவான தானம் ஆகும். கொடுத்த பொருள் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது சென்ற வழியில் எவ்வுயிர் எவ்வாறாயிற்று என்பதை நோக்குவதே சிராவகர் கணக்கு.

நம் ஊர்களின் வழியாகவும் நடப்போர் உளர். விகாரம் செய்யும் துறவியரும் யாத்திரை செல்வோரும் வேலை தேடி நடப்போரும் நாள்தோறும் நம் வாயிலைக் கடக்கின்றனர். துறவியர்க்குப் பக்தியும் மற்றையோர்க்குக் கருணையும் உரியன. இருவருக்கும் பொதுவாக உரியது, நாள் குறியாது வருபவரை எதிர்நோக்கித் திறந்திருக்கும் உள்ளம்.

சிந்தனைக்கு

1. பாத்திரதானத்திற்கும் கருணாதானத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? நடைப்பயணிக்கு அளிக்கும் உதவி எவ்வகையைச் சாரும்?

2. காட்டில் உணவுப் பெட்டியை வைத்துச் செல்பவர், விதி முதலிய நான்கு அளவைகளுள் எவற்றில் தவறுகிறார்?

3. நம் இல்லத்திலும் கோயிலிலும் நடைபெறும் அன்னதானத்தில், மீதமாகும் உணவும் இலையும் எங்கே செல்கின்றன? அவற்றால் ஊறுபடும் உயிர்கள் எவை?

4. மாதரி செய்ததுபோல, பெறுபவருடைய நோன்பறிந்து கொடுத்த நிகழ்ச்சி ஒன்றனை இல்லத்தார் அனைவரும் கூடி எண்ணிப் பார்த்துப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க.

அறம் வளர்க!